எறிந்த பல்லில் இருந்த உயிர்

குழந்தைக்குப் பால்பல் விழுந்ததும் அதனைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவது தமிழரிடை நெடுநாளாக இருந்துவந்த வழக்கம். எறிந்த பல்லை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதன் வேலை முடிந்தது. அடுத்த பல் ஒழுங்காக முளைத்தாற் போதும் என்பதே வீட்டாரின் கவலை. பல் மருத்துவரும் இதற்கு மாறாக எண்ணினாரல்லர். விழுந்த பல்லும் பிடுங்கிய பல்லும் குப்பைக்குரியன என்பதே அவர்தம் கருத்தாகவும் இருந்தது. அவ்வாறு ஒதுக்கப்பட்ட பல்லினுள் புதிய திசுவைப் படைக்கவல்ல உயிரணுக்கள் தங்கியிருந்தன என்பது இந்நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தெரியவந்தது. அத்துணைக் காலம் தெரியாமற் போனதற்குக் கருவியின்மை மட்டும் காரணமன்று. மாந்தர் பல்லைக் கல்லாகக் கண்டனர். உயிருள்ள உறுப்பாகக் காணவில்லை. அந்தப் பார்வை மாறிய வரலாறே ஈண்டு உரைக்கப்படுகிறது.

பல்நோய்க்குக் கூறப்பட்ட மிகப் பழைய காரணம் புழு. பாபிலோனியரின் களிமண் ஏடு ஒன்றில், படைப்பின்போது தனக்கு உணவு யாதென்று புழு தெய்வங்களிடம் முறையிடுவதும், பழங்களை மறுத்துப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே இருக்க இடம் கேட்பதும் சொல்லப்படுகின்றன. அது பல்வலி தீர்க்க ஓதப்பட்ட மந்திரம். அந்தப் புழு ஏட்டோடு மறைந்துவிடவில்லை. மொழிகளில் இன்றும் வாழ்கிறது. தமிழர் 'பூச்சிப்பல்' என்பர். மலாய்க்காரர் 'கீகி பெருலாட்' என்பர். சீன மொழியிலும் புழுப்பல் என்னும் பொருள்படும் சொல் வழங்குகிறது. ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் மூவினப் பிள்ளைகளும் தத்தம் தாய்மொழியில் ஒரே பிழையைச் சொல்லுகின்றனர்! பிழையென்று தெரிந்த பின்னரும் சொல்லை மாற்ற எவருக்கும் மனம் வருவதில்லை.

புழுவைத் தேடிப் பார்த்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் பிரெஞ்சு நாட்டுப் பியேர் ஃபோஷார். பல் மருத்துவத்தைத் தனித்துறையாக நிலைநாட்டிய அவருடைய பெருநூல் 1728ஆம் ஆண்டு பாரிசில் வெளிவந்தது. சொத்தைப் பற்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கியும் புழுவைக் காணவில்லை என்று அவர் எழுதினார். அதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகட்கு முன்பே, 1683இல், ஆலந்து நாட்டு லேவன்ஹூக் தம் பல்லிடுக்கில் படிந்திருந்த வெண்ணிற மாவை வழித்தெடுத்துத் தம் உருப்பெருக்கியில் நோக்கி, துள்ளித் திரியும் சிற்றுயிர்களைக் கண்டு இலண்டன் வேத்தியல் கழகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஒருவர் புழு இல்லை என்றார். மற்றவர் புழுவினும் சிறிய உயிர் உண்டு என்றார். இரண்டையும் இணைத்துப் பார்க்க இன்னும் இருநூறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

காரணம் தெரியாத காலத்தில் மருத்துவம் என்ன செய்ய முடியும்? பிடுங்கியது. பிடுங்கிய இடத்தை நிரப்ப வேறொருவர் பல்லை நாடியது. பல்லின் வரலாற்றில் இதனினும் இருண்ட பகுதி இல்லை.

இலண்டனில் புகழோடு விளங்கிய அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் 1771இல் மாந்தர் பற்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மனிதப் பல் ஒன்றைப் பிடுங்கிச் சேவலின் கொண்டையில் நட்டுவைத்து, அஃது அங்கே பற்றிக்கொண்டதாக அவர் காட்டிய ஆய்வு பலரை மயக்கியது. உயிருள்ள பல்லை ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு மாற்றலாம் என்னும் நம்பிக்கை செல்வர்களிடையே பரவிற்று. பல் கொடுப்பவர் யார்? ஏழைப் பிள்ளைகள். முதற்பல் பொருந்தாவிடில் அடுத்ததைப் பிடுங்க ஆயத்தமாகப் பலரை அருகில் வைத்திருப்பது நன்று என்பது ஹண்டரின் அறிவுரை. 1787இல் தாமஸ் ரோலண்ட்சன் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்றில், உயர்குடிப் பெண்ணின் அருகே புகைபோக்கி துடைக்கும் சிறுவனின் பல் பிடுங்கப்படுகிறது. கந்தலுடுத்த பிள்ளைகள் தாடையைப் பிடித்தவாறு, கையிற் கிடைத்த காசோடு வாயிலைக் கடந்து செல்கின்றனர். கேலிச்சித்திரமெனினும் அதனைக் கண்டு நகைப்பது எளிதன்று.

அவ்வாறு நட்ட பற்கள் நிலைக்கவில்லை. சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ வேர் கரைந்து உதிர்ந்தன. சிலருக்குப் பல்லோடு நோயும் வந்தது. 1785இல் மருத்துவர் வில்லியம் வாட்சன் அத்தகைய நிகழ்ச்சி ஒன்றை எழுதி வெளியிட்டார். பிறர் உடலின் திசுவை உடல் ஏன் ஏற்பதில்லை என்பதை 1940களில் பீட்டர் மெடவாரும் அவர்தம் குழுவினரும் விளக்கிய பின்னரே அத்தோல்வியின் காரணம் தெளிவாயிற்று. எவருடைய திசு எவருக்குப் பயன்படும் என்னும் அவ்வினாவே பின்வரும் செய்திகள் அனைத்திற்கும் அடிப்படையாகும்.

இனி, சொத்தையின் காரணத்துக்கு வருவோம். அமெரிக்காவில் பிறந்து பெர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய வில்லபி மில்லர் செய்த ஆய்வு பள்ளி மாணவரும் புரிந்துகொள்ளத்தக்க அளவுக்கு எளிமையானது. பிடுங்கிய பற்களை உமிழ்நீரிலிட்டு, அதனுடன் ரொட்டியைச் சேர்த்து, உடற்சூட்டில் வைத்தார். பற்களிலிருந்த சுண்ணச்சத்து கரைந்தது. ரொட்டிக்கு மாற்றாக இறைச்சியை இட்டார்; கரையவில்லை. உமிழ்நீரை முன்னரே கொதிக்கவைத்து இட்டார், அப்போதும் கரையவில்லை. ஆகவே, உமிழ்நீரிலுள்ள நுண்ணுயிர்கள் மாவுப்பொருளை அமிலமாக்குகின்றன. அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது என்று 1890இல் நூலாக எழுதினார். 1954இல் அமெரிக்க ஆய்வாளர்கள், நுண்ணுயிர் அறவே இல்லாத கூண்டுகளில் எலிகளை வளர்த்து, சர்க்கரை மிகுந்த உணவை ஊட்டினர். ஒரு பல்லிலும் சொத்தை விழவில்லை. பழைய புழு இவ்வாறு நுண்ணுயிராக உருமாறிற்று.

இந்த அறிவினால் நோயைத் தடுக்க வழி பிறந்தது. அமிலத்தை எதிர்த்து நிற்க எனாமலுக்குத் துணைசெய்யும் ஃபுளோரைடு, 1945ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரக் குடிநீரில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஆசிய நாடுகளுள் இதில் முந்திக்கொண்டது சிங்கப்பூர். 1950களின் இறுதிக்குள் அங்கே குழாய்நீரில் ஃபுளோரைடு கலந்து வரலாயிற்று. ஆயினும், தடுப்பது வேறு. இழந்ததைத் திரும்பப் பெறுவது வேறு.

பல்லின் படத்தை வரையாத தொடக்கப்பள்ளி மாணவர் இலர். வெளியே எனாமல்; அதனடியில் டெண்டின்; நடுவே நரம்பும் இரத்தக்குழாயும் பொருந்திய மென்மையான பற்கூழ். எனாமலைக் கட்டிய உயிரணுக்கள் பல் முளைத்தெழும்போதே மடிந்துவிடுகின்றன. தொடக்க நிலையில் கரைந்த தாதுவை உமிழ்நீர் ஓரளவு திருப்பித் தரும். ஆனால் குழி விழுந்துவிட்டால் எனாமல் மீண்டும் வளராது. வீட்டைக் கட்டி முடித்த கொத்தனார்கள் ஊரைவிட்டே போய்விட்டதற்கு ஒப்பானது இது. டெண்டினைக் கட்டும் உயிரணுக்களோ போகவில்லை. பற்கூழின் விளிம்பில், வாழ்நாள் முழுவதும், அவை வரிசையாக நிற்கின்றன.

அப்படியிருந்தும் பற்கூழை மருத்துவர் போற்றவில்லை. அது வலியின் இருப்பிடம் என்பதால் சுரண்டி எடுக்கவும் எரித்து அழிக்கவுமே முற்பட்டனர். 1910இல் பிரிட்டிஷ் மருத்துவர் வில்லியம் ஹண்டர் (முன்னர்க் குறிப்பிட்ட ஜான் ஹண்டர் அல்லர்) கனடாவின் மொண்ட்ரியல் நகரில் ஆற்றிய உரை நிலைமையை மேலும் மோசமாக்கிற்று. பொன்னால் மூடிய பற்களின் அடியில் தேங்கும் சீழ் உடலெங்கும் நோயைப் பரப்புகிறது என்று அவர் சாடினார். அவர் சாடியது அரைகுறை மருத்துவத்தை. கேட்டவர்களோ பல்லையே பகையாகக் கொண்டனர். அதன்பின் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம், கூழிழந்த பற்கள் என்பதற்காகவே எண்ணற்ற பற்கள் பிடுங்கப்பட்டன. அறிவியலின் பெயரால் நிகழ்ந்த வீண் இழப்புகளுள் இதனையும் ஒன்றாக வைத்தெண்ணலாம்.

அதே காலத்தில் ஜெர்மனியில் பெர்ன்ஹார்ட் ஹெர்மன் என்னும் பல் மருத்துவர் 1920 முதல் வேறொரு பாதையில் சென்றார். திறந்துகொண்ட பற்கூழின்மேல் அவர் தடவியது கால்சியம் ஹைட்ராக்சைடு. பெயர் புதிதாகத் தோன்றினும் பொருள் தமிழருக்குப் பழக்கமானதே. வெற்றிலைத் தட்டில் இருக்கும் நீற்றிய சுண்ணாம்பும் அதுதான்! (வெற்றிலை பாக்குப் போடுவோர் இதனைத் தமக்குச் சான்றாகக் கொள்ளலாகாது, பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுக்கு வழிவகுப்பன.) சுண்ணாம்பு பட்ட பற்கூழ் மேற்புறத்தில் வெந்து, அதனடியில் தானாகவே புதிய டெண்டின் பாலமொன்றைக் கட்டிக்கொண்டது. 1930இல் ஹெர்மன் அதனைக் காட்டினார். மருத்துவர் கட்டியதன்று; பல்லே கட்டியது. ஆனால் அந்தப் பாலத்தைக் கட்டிய புதிய உயிரணுக்கள் எங்கிருந்து வந்தன? விளிம்பில் நின்றவை சுண்ணாம்பால் மடிந்துவிட்டனவே! அவ்வினாவுக்கு எழுபது ஆண்டுகள் விடையில்லை.

விடை பல்லைப் பற்றிச் சிந்திக்காதவர்களிடமிருந்து வந்தது. 1961இல் கனடாவின் டொராண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் ஆகிய இருவரும் கதிர்வீச்சுக்கு ஆளாக்கிய எலிகளுக்கு எலும்பு மச்சையைச் செலுத்தினர். சில நாள்களில் எலிகளின் மண்ணீரலில் சிறு கட்டிகள் தோன்றின. ஒவ்வொரு கட்டியும் ஒரே ஓர் உயிரணுவின் வழித்தோன்றல் என்று பின்னர் மெய்ப்பித்தனர். தன்னைப் போன்றவற்றையும் பெருக்கி, வெவ்வேறு வகை உயிரணுக்களாகவும் மாறவல்ல இதனையே ஆங்கிலத்தில் 'ஸ்டெம் செல்' என்பர். தமிழில் குருத்தணு என்பது நன்கு பொருந்தும். வாழைக்குள் சுருண்டிருக்கும் குருத்து இலையாக விரிவதைக் கண்டவர்க்கு இச்சொல்லை விளக்கவேண்டியதில்லை. அக்காலத்திலேயே மாஸ்கோவில் அலெக்சாண்டர் ஃப்ரீடன்ஸ்டைன், எலும்பு மச்சையின் ஒருவகை உயிரணுக்கள் இரத்தத்தையன்றி எலும்பையே உருவாக்குவதைக் காட்டினார். வளர்ந்த உடலிலும் குருத்து உண்டு என்பது உறுதியாயிற்று.

இதற்கிடையே ஈறுநோய் ஆய்விலும் ஒரு திருப்பம் நேர்ந்தது. ஈறுநோய் முற்றினால் பல்லைத் தாடையெலும்போடு பிணைக்கும் நார்கள் அறுந்து, எலும்பு தேய்ந்து, குறையற்ற பல்லும் ஆடி விழும். மருத்துவர் வேரைச் சுத்தம் செய்தாலும் பழைய பிணைப்பு திரும்புவதில்லை. காரணத்தை 1976இல் ஆண்டனி மெல்ச்சர் தெளிவாக்கினார். புண் ஆறும்போது நால்வகைத் திசுக்களின் உயிரணுக்கள் வேரை நோக்கி வருகின்றன. எவை முந்துகின்றனவோ அவையே அவ்விடத்தை ஆளும். ஈற்றின் மேற்றோல் விரைந்தோடி முந்திவிடுகிறது. பிணைப்பை மீட்கவல்ல நார்த்திசுவோ மெல்ல நடந்து வந்து இடமின்றி நிற்கிறது. மெல்ச்சர் கருத்தை சுவீடனின் கோதன்பர்க் நகர ஆய்வாளர்கள் 1982இல் ஒரு மனிதரின் கீழ்த்தாடை முன்பல்லில் சோதித்தனர். ஈற்றுத் தோல் நுழையாதவாறு வேரின்மேல் மெல்லிய வடிதாள் ஒன்றைத் தடுப்பாக வைத்தனர். வேலியின் மறைவில் மெல்ல வந்த நார்த்திசு புதிய பிணைப்பை உண்டாக்கிற்று. மருந்தின்றி, மாற்றுப் பொருளின்றி, உரியவர்க்கு உரிய நேரம் கொடுத்ததால் விளைந்த வெற்றி அது. பல் சார்ந்த திசுவுக்கு மீளும் ஆற்றல் உண்டு என்பதற்கு நோயாளியின் வாயே சான்றாயிற்று.

ஹெர்மன் காலத்து வினாவுக்கு 2000ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. அமெரிக்காவின் பெதஸ்டா நகரில், தேசியச் சுகாதார நிலையங்களைச் சார்ந்த பல் ஆய்வு நிலையத்தில், ஸ்டான் குரோந்தோஸ், பமேலா ரோபி, சொங்தாவ் ஷி முதலானோர், பிடுங்கி எறியப்படும் கடைவாய் ஞானப்பற்களின் கூழிலிருந்து உயிரணுக்களைப் பிரித்து வளர்த்தனர். அவற்றை எலிகளின் தோலடியில் வைத்தபோது டெண்டினும் அதனையொட்டிய கூழும் தோன்றின. பாலம் கட்டிய தச்சர்கள் கூழுக்குள்ளேயே மறைந்திருந்தனர்!

அடுத்த கண்டுபிடிப்பு வீட்டில் நிகழ்ந்தது. ஷியின் ஆறு வயது மகள், ஆடிக்கொண்டிருந்த பால்பல்லைப் பிடுங்கித் தருமாறு தந்தையிடம் கேட்டாள். பிடுங்கிய பல்லைத் தந்தையும் மகளும் உற்றுநோக்கியபோது உள்ளே செந்நிறத் திசு தெரிந்தது. எத்தனை கோடிப் பெற்றோர் அதற்குமுன் அதனைக் கண்டிருப்பர்! சில நாள் கழித்து இன்னொரு பல் ஆடியது. இம்முறை அவர் ஆயத்தமாக இருந்தார். விழுந்த பல்லை உயிரணு வளர்க்கும் நீர்மத்திலிட்டு ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றார். 2003இல் முடிவு வெளிவந்தது. உதிர்ந்த ஒரு முன்பல்லில் ஏறத்தாழ 12 முதல் 20 வரையிலான குருத்தணுக்களே கிடைத்தன. ஆயினும் அவை விரைந்து பெருகின. 2004இல் பல்லை எலும்போடு பிணைக்கும் நார்த்திசுவிலும் குருத்தணு இருப்பது காட்டப்பட்டது. மெல்ச்சரின் மெல்ல நடக்கும் பயணி இவ்வாறு அடையாளம் காணப்பட்டான்.

இவை மருத்துவமாக மாறினவா? 2018இல் சீனாவின் சியான் நகரிலிருந்து வெளிவந்த ஆய்வு, இதுவரை கிடைத்த விடைகளுள் குறிப்பிடத்தக்கது. கீழே விழுந்தோ அடிபட்டோ முன்பல்லின் கூழ் மடிந்துபோன 40 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். முப்பதின்மருக்கு, அவரவருடைய பால்பல் கூழிலிருந்து வளர்த்த குருத்தணுக்கள் அடிபட்ட பல்லின் வெற்றறைக்குள் வைக்கப்பட்டன. மற்றப் பதின்மருக்கு வழக்கமான மருத்துவம் செய்யப்பட்டது. ஓராண்டுக்குப் பின்னர்ப் பார்த்தபோது, குருத்தணு பெற்ற பற்களில் வேர் நீண்டது, இரத்தக்குழாய் படர்ந்தது, உணர்ச்சியும் திரும்பியது. வலியை உணரும் பல் கிடைத்தது என்று மகிழ்வது விந்தையாகத் தோன்றலாம். உணர்ச்சியுள்ள பல்லே உயிருள்ள பல் என்பதை எண்ணினால் விந்தையில்லை.

ஹண்டர் காலத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் தகும். அன்று ஓர் ஏழைக் குழந்தையின் பல் செல்வரின் வாய்க்குச் சென்றது. இன்று ஒரு குழந்தையின் பல் அக்குழந்தைக்கே பயன்பட்டது. உடல் ஏற்காமைக்கு இடமில்லை. பிறர் நோய் தொற்றவும் இடமில்லை. ஆயினும் மிகைப்படுத்துதல் ஆகாது. அப்பிள்ளைகளின் பற்கள் அடிபட்டவை. நாட்பட்ட சொத்தையால் சீழ் பிடித்தவை அல்ல. சீழ் பிடித்த பல்லறை, புதிய திசு குடியேறுவதற்குக் கடினமான இடம். மேலும், பால்பல் எஞ்சியிருக்கும் வயதில் அடிபட்டவர்க்கே இவ்வழி உதவும்.

இந்த இடைவெளியில்தான் வணிகம் நுழைந்தது. பால்பற்களை உறையவைத்துப் பல ஆண்டுகள் காத்துத் தருவதாகக் கூறும் நிறுவனங்கள் பல நாடுகளில் தோன்றின. நீரிழிவு முதல் நரம்புநோய் வரை பிற்காலத்தில் எதையும் தீர்க்கலாம் என்பது போன்ற பேச்சும் உடன் எழுந்தது. ஆய்வகத்து எலியில் கண்டதனை மருத்துவமனையில் கண்டதாகச் சொல்வது அறிவியலாகாது. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நிலைத்த பற்களில் சொத்தையுள்ளோர் ஏறத்தாழ 200 கோடிப் பேர். பால்பற்களில் சொத்தையுள்ள குழந்தைகள் 51 கோடிக்கு மேல். இவர்களுள் பெரும்பாலோர்க்குக் குருத்தணு வேண்டியதில்லை. ஃபுளோரைடு பற்பசையும் சர்க்கரைக் குறைப்பும் காலத்தில் பார்க்கும் பல் மருத்துவருமே வேண்டும். சந்தா கட்டும் பெற்றோருக்கு மட்டும் பிள்ளையின் பல் சேமிப்பாகும் நிலை வருமாயின், ரோலண்ட்சனின் வாயிலில் நின்ற கந்தற் பிள்ளைகள் இன்னும் வாயிலிலேயே நிற்பவராவர்.

முழுப் பல்லையே முளைக்கச் செய்யும் முயற்சிகள் ஜப்பானில் முன்னேறின. 2009இல் தக்காஷி சுஜி குழுவினர், எலிக்கருவின் இருவகை உயிரணுக்களைச் சேர்த்துப் பல்முளை ஒன்றை உருவாக்கி, வளர்ந்த எலியின் தாடையில் நட்டனர். அது பல்லாக எழுந்தது, மெல்லியது, நோவையும் உணர்ந்தது. ஆனால் மனிதருக்குக் கருவின் உயிரணுவை எங்கே பெறுவது? ஒசாக்காவின் கித்தானோ மருத்துவமனையைச் சேர்ந்த கட்சு தக்காஹாஷி வேறு வழி கண்டார். பல் முளைப்பதைத் தடுத்துநிறுத்தும் புரதம் ஒன்று உடலில் உண்டு. அதனை அடக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்தியபோது எலிகளிலும் ஃபெரட் என்னும் கீரி போன்ற விலங்கிலும் புதிய பற்கள் முளைத்தன. 2021இல் இது வெளியாயிற்று. வெளியிலிருந்து உயிரணு எதுவும் வைக்கப்படவில்லை. உறங்கிக்கிடந்த முளை எழுப்பப்பட்டது, அவ்வளவே.

மனிதரிடம் இம்மருந்தைச் சோதிக்கும் பணி 2024இல் கியோத்தோ பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிற்று. கடைவாய்ப்பல் ஒன்றையேனும் இழந்த, 30 முதல் 64 வயது வரையிலான ஆடவர் முப்பதின்மர் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். முதற்கட்டத்தின் நோக்கம் பல் முளைப்பிப்பதன்று. மருந்து தீங்கற்றதா என்று காண்பதே. அதன்பின் மருந்து யாருக்கு என்பதையும் ஆய்வாளர்கள் முன்கூட்டியே அறிவித்தனர்: பிறவியிலேயே நான்கு பற்களேனும் இல்லாமற் பிறந்த, இரண்டு முதல் ஏழு வயது வரையிலான குழந்தைகளுக்கு.